ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

இங்கிலீஷ் கீபோர்டுல ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு செமிகோலன். இந்த அஞ்சையும் வரிசையா தட்டுங்க. பாமினி எழுத்துரு போட்டிருந்தா திரையில 'தமிழ்'னு வரும். இல்லேன்னா அந்த அஞ்சும் அப்படியே இங்கிலீஷ்ல வரும். ரெண்டுக்கும் கணினிக்கு வித்தியாசமே தெரியாது. அதுக்கு எப்பவுமே அது ஜேகேபிஓதான், மேல போர்த்தியிருக்கிற சட்டை மட்டும்தான் தமிழ். இந்தச் சட்டையைக் கழட்டிட்டு நிஜத் தமிழுக்கு வந்த கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோட உக்காருங்க :-)

இப்ப எதுக்கு இந்தப் பழைய கதைன்னா, காரணம் எங்க பெரியப்பா. ஓமலூர் பக்கம் தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். சரபங்கா ஆத்துத் தண்ணியில நிறையுற ஏரிகளைப் பத்தி ஒரு சின்ன புஸ்தகம் எழுதினார், 86 பக்கம். எந்த ஏரிக்கு எத்தனை மடை, ஒவ்வொரு மடைக்கும் என்ன பேர், உபரித் தண்ணி எந்தக் கோடி வழியா எந்த ஏரிக்குப் போகும்னு, சைக்கிள்ல ஊர் ஊரா போய் வயசானவங்ககிட்ட கேட்டு எழுதினது. 2001-ல சொந்தக் காசுல அடிச்சு தெரிஞ்சவங்களுக்குக் கொடுத்தார். அவர் இப்ப இல்லை. புஸ்தகமும் வீட்டுல ஒரே ஒரு பிரதி, அதுலயும் கரையான் கொஞ்சம் படிச்சிருக்கு.

2020-ல மேட்டூர் உபரி நீரை சரபங்கா வடிநிலத்துல இருக்கிற 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுவர்ற திட்டத்துக்கு 565 கோடி ரூபாய் மதிப்புல அடிக்கல் நாட்டினாங்க. அதுக்கப்புறம்தான் ஏரியைப் பத்தின பேச்சே மறுபடியும் ஊர்ல எழுந்தது. "உங்க பெரியப்பா ஒண்ணு எழுதுனாரே கண்ணு, அதுல எங்க ஏரி மடை பேரெல்லாம் இருக்குமே, ஒரு காப்பி கெடைக்குமா?"ன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேக்க ஆரம்பிச்சாங்க. சரி, திரும்ப அடிச்சுடலாம்னு டிடிபி பண்ணின கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் நல்ல மனுஷன், ஒரு பெட்டியைக் கவுத்து சிடியைத் தேடி எடுத்துட்டார். "ஃபைல் இருக்குது தம்பி. ஆனா இப்ப இருக்கிற சிஸ்டத்துல பேஜ்மேக்கர் இல்லீங்களே"ன்னார்.

பேஜ்மேக்கர்னா என்னன்னு இப்பத்த பசங்களுக்குச் சொல்லணும். 1985-ல ஆல்டஸ்ங்கற கம்பெனி கொண்டுவந்தது. 1994-ல ஆல்டஸை அடோபி வாங்கிடுச்சு. 2001-ல வந்த 7.0-தான் கடைசிப் பதிப்பு. தமிழ்நாட்டுல கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், உள்ளூர்க் கவிஞரோட கவிதைத் தொகுப்பு எல்லாம் இதுல பொறந்து வளர்ந்ததுதான். பாமினியோ வேறெதுவோ போட்டு அடிப்பாங்க, ட்ரேசிங் ஷீட்டுல லேசர் பிரின்ட் எடுப்பாங்க, மினி ஆஃப்செட்டுல ஓட்டுவாங்க. காகிதத்துல பார்த்தா அழகு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல தமிழ் லோயர், ஹையர் முடிச்ச அக்காக்களுக்குப் பாமினி கைக்கு வாகா இருந்ததும் ஒரு காரணம், அது தட்டச்சுப் பொறி வரிசையை ஒட்டி வச்சது.

பிரச்னை காகிதத்துல இல்லை, கோப்புலதான். ஆளுக்கொரு சட்டை தைச்சாங்க. ஒருத்தர் எழுத்துருவுல அடிச்சது இன்னொருத்தர்கிட்ட போனா கொத்து பரோட்டா. பழைய கோப்பை மாத்துற நிரல்கள்ல ஆதரிக்கிற குறியேற்றம்னு ஒரு பட்டியல் இருக்கும். அதுல தினமணி, தினத்தந்தி, தினகரன், முரசொலி, நக்கீரன், பழைய விகடன்னு வரிசையா பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. பேப்பர் கடையில தொங்குற பேரெல்லாம் அப்படியே இருக்கு! ஒவ்வொண்ணுக்கும் தனிக் குறியேற்றம். படிக்கிறது ஒரே தமிழ், கணினிக்கு மட்டும் ஒவ்வொண்ணும் வேற வேற பாஷை.

இதைச் சரிபண்ண 90-களோட கடைசியில ரெண்டு பக்கமிருந்தும் முயற்சி நடந்தது. ஒண்ணு, சென்னையில 1999 பிப்ரவரியில நடந்த தமிழ்நெட் 99 மாநாடு. டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அங்கிருந்து வந்தவை. இன்னொண்ணு திஸ்கி. பல நாட்டுத் தமிழர்கள் மடலாடற்குழுவுல சண்டை போட்டு, சமாதானமாகி, உருவாக்கின குறியேற்றம். சுவிட்சர்லாந்துல இருக்கிற கு. கல்யாணசுந்தரம், மலேசியாவுல முரசு அஞ்சல் செஞ்ச முத்து நெடுமாறன் எல்லாம் இதுல முக்கியமானவங்க. கல்யாணசுந்தரம்தான் 1998 பொங்கலன்னிக்கு மதுரைத் திட்டத்தை ஆரம்பிச்சவரும். மதுரைத் திட்டத்துப் பழைய கோப்புகள் திஸ்கியில இருந்தது ஞாபகம் இருக்கலாம். திஸ்கியோட புத்திசாலித்தனம் என்னன்னா, இங்கிலீஷ் எழுத்துகளைத் தொடாம மேல காலியா இருந்த 128 இடத்துல தமிழை வச்சது. அதனால ஒரே எழுத்துருவுல ரெண்டு மொழியும் வந்தது. (எனக்கு அப்ப ரெண்டு, மூணு வயசு. எல்லாம் படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டதுதான்.)

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் என்னை உக்கார வச்சது. கேடிஈ டெஸ்க்டாப்புக்கு அடியில இருக்கிறது க்யூட்ங்கற நிரலகம். அதோட மூலநிரல்ல திஸ்கிக்குன்னே ஒரு கோப்பு இருக்கு. உள்ள போய்ப் பார்த்தா எழுதினவர் பேர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர், வருஷம் 2000. நார்வேக்காரர்! கேடிஈயைப் பல மொழியில கொண்டுவர்ற வேலையில இருந்தவர். எழுத்து அட்டவணையை எங்கிருந்து எடுத்தார்னு ஜியோசிட்டீஸ் முகவரி ஒண்ணையும் குறிச்சு வச்சிருக்கார். ஜியோசிட்டீஸை 2009-ல யாகூ இழுத்து மூடிடுச்சு. அட்டவணை இருந்த வீடு இடிஞ்சுபோச்சு, அதைப் பார்த்து எழுதின நிரல் மட்டும் க்யூட் 5 வரைக்கும் கூடவே வந்தது. க்யூட் 6-லயும் பழசுக்குன்னு ஒதுக்கின தனி நிரலகத்துல இருக்கு.

இன்னொருத்தர் ப்ரூனோ ஹைபிள். 2002-ல க்னூ சி நிரலகத்துக்குள்ளேயே திஸ்கி மாற்றியைச் சேர்த்துட்டார். அந்த நிரலகம்தான் பெரும்பாலான லினக்ஸ்களுக்கு அடித்தளம். அதாவது இன்னிக்கு நீங்க உபுண்டுவோ டெபியனோ வச்சிருந்தா, 'ஐகன்வ்'ங்கற கட்டளையை ஓட்டி, எந்தக் குறியேற்றத்துல இருந்துங்கற இடத்துல திஸ்கி, எந்தக் குறியேற்றத்துக்குங்கற இடத்துல யுடிஎஃப்-8-னு கொடுத்தா, 20 வருஷத்துக்கு முந்தின திஸ்கி கோப்பு ஒரு நொடியில யுனிகோடா வந்து நிக்கும். தனியா எதையும் இறக்க வேண்டாம். பழைய யாகூ குழும மடல்களைச் சேமிச்சு வச்சிருக்கிற பதிவர்கள் இதை ஒருமுறை முயற்சி பண்ணிப் பாருங்க.

யுனிகோடுல தமிழ் 1991-ல வந்த முதல் பதிப்புலேயே இருந்தது. ஆனா விண்டோஸ்ல அது ஒழுங்கா தெரிஞ்சது விண்டோஸ் 2000-லதான், லதா எழுத்துருவோட. எக்ஸ்பியில சிடியைப் போட்டு 'காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்' டிக் பண்ணி நிறுவணும். பிரவுசிங் சென்டர்ல போய் "அண்ணே, எக்ஸ்பி சிடி கொடுங்க"ன்னு கேட்டு முறைப்பு வாங்கின மூத்த பதிவர்கள் இதைப் படிக்கிறவங்கள்ல கண்டிப்பா இருப்பீங்க.

தெரியுறது ஒருபக்கம், அடிக்கிறது இன்னொரு பக்கம். அங்கதான் எ-கலப்பை. தமிழா குழுவுக்காக முகுந்தராஜ் செஞ்சது. அம்மான்னு இங்கிலீஷ்ல அடிச்சா அம்மான்னு தமிழ்ல வந்ததைப் பார்த்துட்டு வலைப்பூ ஆரம்பிச்சவங்க எத்தனை பேர்! ஆனா ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஆரம்பத்துல எ-கலப்பை இலவசம், கட்டற்றது இல்லை. அதுக்குள்ள ஓடின எஞ்சின் கீமேன், டாவுல்ட்டெசாஃப்ட் கம்பெனியோடது. ஆஸ்திரேலியாவுல மார்க் டூர்டின்ங்கறவர் 1993-ல லாவோ மொழி அடிக்கிறதுக்காக எழுத ஆரம்பிச்சது. அனுமதி வாங்கித்தான் எ-கலப்பையில சேர்த்துக் கொடுத்தாங்க. கலப்பை நம்மளுது, மாடு அடுத்தவங்களுது. அப்புறம் 3.0 பதிப்பை முகுந்தராஜ் கீமேன் இல்லாம புதுசா எழுதி ஜிபிஎல் உரிமத்துல விட்டார். கதையில ஒரு திருப்பம், 2015-ல எஸ்ஐஎல் நிறுவனம் கீமேனை எடுத்துக்கிட்டு, பிறகு அதையும் திறந்த மூலமாக்கிடுச்சு. இப்ப மாடும் பொதுவுக்கு வந்துடுச்சு.

எழுத்துரு பக்கம் ரெண்டு பேரைச் சொல்லாம போனா நன்றிகெட்டத்தனம். ஒண்ணு, அதிராம்பட்டினம் உமர் தம்பி. தேனீ எழுத்துருவைச் செஞ்சு, யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு கொடுத்த மனுஷன். 2006 ஜூலையில காலமானார். ரெண்டாவது லோஹித். புனேயில இருக்கிற மாடுலர் இன்ஃபோடெக் செஞ்ச எழுத்துருக்களை ரெட் ஹேட் 2004-ல ஜிபிஎல்ல வெளியிட்டுச்சு, தமிழும் அதுல ஒண்ணு. அழகுப் போட்டியில ஜெயிக்காது, ஆனா லினக்ஸ்ல தமிழ் கட்டம் கட்டமா தெரியாம இருக்கிறதுக்கு ரொம்ப காலம் அதுதான் காரணம்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2005 ஏப்ரல்ல மத்திய அரசு சிடாக் மூலமா தயாரிச்ச தமிழ் மென்பொருள் குறுந்தகடு சென்னையில வெளியாச்சு. எழுத்துருக்கள், தமிழ்ப்படுத்தின ஓப்பன் ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அதுல. இணையதளத்துல பதிவு பண்ணினா வீட்டுக்கே தபால்ல இலவசமா வரும். அப்புறம் எல்காட்ல நிர்வாக இயக்குநரா இருந்த சி. உமாசங்கர் சூசே லினக்ஸையும் ஓப்பன் ஆபிஸையும் அலுவலகத்துக்குள்ள கொண்டுவந்தார். 2007-ல சிடாக் சென்னையிலிருந்து பாஸ் லினக்ஸ். 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல விண்டோஸ் பக்கத்துலேயே அந்த பாஸும் இருந்தது.

எங்க பள்ளிக்கூடத்துலயும் கொடுத்தாங்க. பட்டனை அமுக்கினா ரெண்டு பேர் வந்து நிப்பாங்க, எது வேணும்னு கேக்கும். என் வகுப்புல முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்துலேயே பாஸை அழிச்சுட்டு அந்த இடத்தையும் படம் ஏத்திக்க எடுத்துக்கிட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. இது எதுக்கு, இதை வச்சு என்ன பண்ணலாம்னு ஒரு பீரியடாவது யாராவது சொல்லியிருக்கணும். லட்சக்கணக்கான வீடுகளுக்கு லினக்ஸைக் கொண்டுபோய் வச்சுட்டு, அதைத் திறந்து காட்ட ஆள் போடாம விட்டதுதான் அந்தத் திட்டத்தோட பெரிய வீணடிப்புன்னு நான் நினைக்கிறேன். நான் அழிக்காம வச்சதுக்கு லட்சியமெல்லாம் காரணமில்லை, அதுல இருந்த சீட்டு விளையாட்டு பிடிச்சிருந்தது, அவ்ளோதான். சீட்டு விளையாடப் போனவன் டெர்மினலைத் திறந்தான், அப்படியே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பக்கம் போயிட்டான்.

சரி, பெரியப்பா கோப்புக்கு வர்றேன். பேஜ்மேக்கர் கோப்போட உள் அமைப்பை யாருக்கும் புரியுற மாதிரி அடோபி வெளியிட்டதில்லை. மென்பொருள் போச்சுன்னா கோப்பும் போச்சு. இந்த மாதிரி அனாதைக் கோப்புகளுக்காகவே 2014 ஏப்ரல்ல லிப்ரே ஆபிஸ்காரங்க டாக்குமென்ட் லிபரேஷன் ப்ராஜெக்ட்னு ஒண்ணைத் தொடங்கினாங்க. ஆவண விடுதலைன்னு வச்சுக்கலாம், பேரே கம்பீரமா இருக்குல்ல! பழைய கோப்பை பைட் பைட்டா பிரிச்சுப் பார்த்து அதோட இலக்கணத்தைக் கண்டுபிடிக்கிறது இவங்க வேலை. அப்படி உருவான பேஜ்மேக்கர் நிரலகம் 2015-ல லிப்ரே ஆபிஸ் 4.4-ல சேர்ந்தது. டிராவுல 'ஓப்பன்' கொடுத்தேன், பெரியப்பா புஸ்தகம் திறந்துடுச்சு. பக்கம், கட்டம், கோடு எல்லாம் ஓரளவு அதது இடத்துல. எழுத்து மட்டும் முழுக்க ஜேகேபிஓ.

அடுத்தது எழுத்து மாத்துறது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் செஞ்ச ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் நிரலகம் இருக்கு. நான் மேல சொன்ன பேப்பர் கடைப் பட்டியல் அதுக்குள்ள இருக்கிறதுதான், பாமினியும் உண்டு. மாத்துறது பார்க்க எளிது, ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு. பாமினியில கண்ணுக்குத் தெரியுற வரிசையிலதான் அடிப்பாங்க. 'கொ'ன்னா என், எஃப், ஹெச். முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யுனிகோடுல க முதல்ல, ஒகரக் குறி பின்னால. அதனால வெறும் எழுத்துக்கு எழுத்து மாத்தினா போதாது, நீளமான சேர்க்கையை முதல்ல மாத்திட்டு அப்புறம் சின்னதுக்கு வரணும்.

அதுலயும் ஒரு எழுத்து என்னைப் படாதபாடு படுத்துச்சு. தட்டச்சு வரிசையில ஔகாரத்துக்குக் கொம்பும் ள-வும்தான். 'வௌ'வுக்கும் 'வெள'வுக்கும் ஒரே தட்டல். மனுஷன் இடத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்குவான், நிரலுக்கு என்ன தெரியும்? 'வெள்ளம்' எல்லாம் 'வௌ்ளம்' ஆயிடுச்சு. ஏரிப் புஸ்தகத்துல வெள்ளம்ங்கற வார்த்தை எத்தனை தடவை வரும்னு நினைச்சுக்கோங்க :-( வெளி, தெளிவு, வெள்ளாமை எல்லாம் அதே கதி. இணையத்துல பழைய மின்னூல்கள்ல 'வௌியீடு'ன்னு பார்த்திருப்பீங்களே, அதெல்லாம் இந்த வழியா வந்ததுதான். தமிழ்ல ஔகாரம் வர்ற சொல் ரொம்ப கம்மி. அதனால ஔகாரத்தை எல்லாம் மொத்தமா 'கொம்பு + ள'ன்னு மாத்திட்டு, கௌரவம், மௌனம், வௌவால்னு ஒரு சின்னப் பட்டியலை மட்டும் விதிவிலக்கா வச்சேன். 86 பக்கத்துக்கும் அந்தப் பட்டியல் 11 சொல்தான்.

சிடியில ஒரு அத்தியாயம் படிக்க முடியல, கீறல் விழுந்திருந்தது. கரையான் மிச்சம் வச்ச பிரதியில அந்த 9 பக்கம் நல்லா இருந்ததால ஸ்கேன் பண்ணி டெசராக்ட்ல கொடுத்தேன். ஹெச்பி கம்பெனி 80-கள்ல செய்ய ஆரம்பிச்சு, 2005-ல திறந்து விட்டது. அப்புறம் கூகுள் வளர்த்துச்சு. 2018-ல வந்த 4-ம் பதிப்புல நியூரல் நெட்வொர்க் வந்தபிறகு தமிழை நல்லாவே படிக்குது. ர-வையும் காலையும் மட்டும் குழப்பிக்கும், நம்ம ஒண்ணாங்கிளாஸ் பசங்க மாதிரி.

பக்கம் கட்டினது ஸ்கிரைபஸ்ல. பேஜ்மேக்கருக்குக் கட்டற்ற மாற்றுன்னு 2001-லேயே ஆரம்பிச்ச மென்பொருள்தான், ஆனா ரொம்ப வருஷம் தமிழுக்கு ஆகாது. கொம்பு தனியா, எழுத்து தனியா நிக்கும். சரிபண்ணினது யார் தெரியுமா? ஓமான் நாட்டுல இருந்த ஒரு கட்டற்ற மென்பொருள் குழு. அவங்களுக்கு அரபி வேணும். அரபிக்காக எழுத்து சேர்க்கிற பகுதியை மாத்தி எழுதினாங்க, 2017-ல 1.5.3-ல வந்தது. அதே வழியில நம்ம கொம்பும் சேர்ந்துடுச்சு. 2024 ஜனவரியில 1.6 நிலையான பதிப்பாவே வந்துடுச்சு. இங்க பாமினியில அடிச்சவரோட புஸ்தகம் அரபிக்காரங்க போட்ட ரோட்டுல வந்து சேரும்னு பெரியப்பாகிட்ட சொல்லியிருந்தா, மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பார்த்திருப்பார்.

மொத்தம் நாலு சனி, ஞாயிறு ஆச்சு. மென்பொருளுக்குன்னு ஒத்த ரூபா செலவில்லை. பிழைதிருத்தினது பெரியம்மா. கண்ணு சரியா தெரியாது, நான் படிக்கப் படிக்க அவங்க சொல்லுவாங்க. ஒரு இடத்துல நான் 'பெரிய மடை'ன்னு படிச்சதும் நிறுத்தி, "அது பெரிய மடை இல்லடா, பிரி மடை. தண்ணி ரெண்டா பிரியுற எடம். உங்க பெரியப்பா அங்க கூட்டிட்டுப் போயிக் காட்டுனார்"ன்னாங்க. அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தா அதுலயும் 'பெரிய'ன்னுதான் இருக்கு. 2001-ல டிடிபி பண்ணினப்ப விழுந்த பிழை, 20 வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்திருக்கு. இப்ப 'பிரி மடை'ன்னு திருத்தியாச்சு.

200 பிரதி அடிச்சோம். பிடிஎஃபும் இருக்கு, எழுத்தைத் தேடினா கிடைக்கும், வெள்ளம்னு தேடினா வெள்ளமே வரும். டிடிபி அண்ணன்கிட்ட ஒரு பிரதி கொடுக்கப் போனப்ப, அவர் பெட்டியை மறுபடியும் கவுத்தார். எண்ணிப் பார்த்தேன், 43 சிடி. தலபுராணம், ஒரு நாடக ஆசிரியரோட கூத்துப் பிரதி, நாலு கவிதைத் தொகுப்பு, ஏதோ ஒரு ஊர்ப் பங்காளிகளோட வம்சாவளி... "எழுதுனவங்கள்ல பாதிப் பேரு இப்ப இல்லீங்க தம்பி. எடுத்துட்டுப் போங்க, வர்றது வரட்டும்"ன்னார். இது வரைக்கும் 6 திறந்திருக்கேன். அதுல ரெண்டு பாமினி இல்லை, வேற ஏதோ சட்டை. அந்த எழுத்துருவுக்கான அட்டவணையை இப்பத்தான் ஒவ்வொரு எழுத்தா பார்த்துப் பார்த்துப் போட்டுக்கிட்டிருக்கேன், 'ங' வரைக்கும் வந்திருக்கு.